கிராஸ்ஹாப்பர்: திருப்பி வைத்த செங்கல் சுவரில் நடுவில் மட்டும் கற்கள் இடிக்கின்றன, உதவி தேவை

திண்ணை:
வணக்கம். ஈரோட்டில் ஒரு வீட்டு வராந்தாவுக்கு ஜாலிச் சுவர் (காத்துப் போக சந்து விட்டுக் கட்டுற சுவர்) கிராஸ்ஹாப்பர்ல (ரைனோ மென்பொருளுக்குள்ள கணக்கு வெச்சு வரையற கருவி) வரைஞ்சிட்டு இருக்கேன். ரெண்டு தூணுக்கு நடுவே 4.1 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். சேம்பர் செங்கல், 230 × 110 × 75 மி.மீ. வரிக்கு 17 கல், மையத்துக்கு மையம் 240 மி.மீ., மொத்தம் 28 வரி. ஊஞ்சல் வர்ற இடத்துல காத்து வேணும்னு ஒரு புள்ளி வெச்சு, அதுக்குக் கிட்ட இருக்கிற கல் 45 டிகிரி, தள்ளிப் போகப் போக பூஜ்யம்னு ரீமேப் (தூரத்தைக் கோணமா மாத்துறது) பண்ணியிருக்கேன்.

ரெண்டு சிக்கல். புள்ளிக்குக் கிட்ட கல் இடிக்கலை, ஓரத்துலயும் இடிக்கலை, நடுவுல ஒரு பட்டை மாதிரி மட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து நிக்குது. 45-ல இடிக்காத கல் 20-ல எப்படி இடிக்கும்? இன்னொண்ணு, ஒத்தை வரி, இரட்டை வரி அரைக் கல் தள்ளி வர மாட்டேங்குது. கீழே அலங்கோலமா இருக்கு, மேலே எல்லா மூட்டும் நேருக்கு நேர் நிக்குது. அடுத்த வாரம் மேஸ்திரிகிட்ட வரைபடம் கொடுக்கணும்.

மட்டக்கோல்:
ரொட்டேட் (கல்லைத் திருப்புற கட்டளை) கோண உள்ளீட்டை ரேடியன்ல எடுக்கும். வலது கிளிக் பண்ணி டிகிரி வெச்சீங்களா?

திண்ணை:
வெச்சிட்டேன் சார். அது இல்லை.

தூக்குக்குண்டு:
ரெண்டாவது சிக்கல் லேசு தம்பி. எங்கயோ ஃபிளாட்டன் போட்டிருக்கீங்க. 28 வரி × 17 கல், 476 புள்ளியும் ஒரே பட்டியல் ஆயிடுச்சு. உங்க தள்ளல் பட்டியல்ல இருக்கிறது 28 எண்தான். முதல் வரி முழுசுக்கும் ரெண்டாம் வரியில 11 கல்லுக்கும் அது தீர்ந்துபோகும். அதுக்கு மேல கடைசி எண்ணையே எல்லாத்துக்கும் போட்டுடும், அதான் மேலே மூட்டு நேரா நிக்குது. ஃபிளாட்டனை எடுத்துட்டு வரிக்கு ஒரு கிளையா வெச்சிக்கோங்க, தள்ளல் பட்டியலை கிராஃப்ட் (ஒவ்வொரு எண்ணையும் தனிக் கிளையாக்குறது) பண்ணுங்க. கிளைக்கு ஒரு எண் சரியா உட்காரும்.

கொத்துக்கரண்டி:
முதல் சிக்கல் மென்பொருள் கோளாறு இல்லப்பா, கணக்கு. பக்கத்துக் கல் ரெண்டும் ஒரே கோணத்துல திரும்பினா, ஒண்ணு நீளவாக்குல விலகணும், இல்ல அகலவாக்குல விலகணும். 240 இடைவெளியில 16 டிகிரி வரைக்கும் நீளம் காப்பாத்துது. 28-ல இருந்து அகலம் காப்பாத்துது. 17-லிருந்து 27 வரை ரெண்டுமே கைவிடுது, அதான் உங்க பட்டை.

கல்லோட மூலைவிட்டத்தைப் பாருங்க: 230-ஐயும் 110-ஐயும் வர்க்கம் பண்ணிக் கூட்டி மூலம் எடுத்தா 255. மையத்துக்கு மையம் 255 வெச்சிட்டா எந்தக் கல் எந்தக் கோணத்துல திரும்பினாலும் இடிக்காது. வரிக்கு 16 கல் ஆகும், 4055 மி.மீ., தூணுக்குள்ள அடங்கிடும். தள்ளல் 127.5. தள்ளின வரியில 15 கல்லும் ரெண்டு முனையிலயும் வெட்டின துண்டும் வரும்.

ஆனா 45 டிகிரியை விட்டுடுங்க, இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அரைக் கல் தள்ளி வரும்போது மேல் கல் கீழ் கல் மேல எவ்வளவு உட்காருதுன்னு போட்டுப் பாருங்க. 45-ல ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. அகலப் பட்டைதான் கிடைக்குது. கலவை அங்க என்ன பிடிக்கும்? 30 டிகிரியில 46 மி.மீ. வரும். 30-ஓட நிறுத்துங்க. அப்பவும் இது நாலரை அங்குலச் சுவர்தான், தூணோட கம்பி போட்டுக் கட்டுறதை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்கிட்ட கேட்டுக்கோங்க.

மட்டக்கோல்:
கொத்துக்கரண்டி அண்ணன் சொன்னதுக்கே என் ஓட்டு. கோணத்தைத் தொடர்ச்சியா மாத்தாதீங்க. சுவிட்சர்லாந்துல ஃப்ளேஷ் ஊர் காண்டன்பைன் ஒயின் கூடத்துல 2006-ல 20,000 செங்கல்லைக் கல்லுக்குக் கல் கோணம் மாத்தி வெச்சாங்க. அதை வெச்சது ரோபோ, கலவை இல்லாம பசை போட்டு, 72 பலகமா முன்னாடியே செஞ்சு கொண்டுவந்தது. நம்ம ஆள் நூல் பிடிச்சு வைக்கிறவர். 0, 7.5, 15, 22.5, 30, அஞ்சே கோணம் போதும். கோணத்தை 7.5-ஆல வகுத்து ரவுண்ட் பண்ணித் திரும்பப் பெருக்குங்க. அஞ்சு பிளைவுட் அச்சு வெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெயின்ட் அடிச்சுக் கொடுங்க.

திண்ணை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஃபிளாட்டன் எடுத்ததும் வரி சரியாயிடுச்சு. 255 போட்டதும் இடிக்கலை. நேத்து சைட்ல மூணு வரி கலவை இல்லாம அடுக்கிப் பார்த்தோம். 30 டிகிரி இடத்துல மேல் கல்லைக் கையால அழுத்தினேன், ஆடலை. மேஸ்திரி பார்த்துட்டு, "முப்பரிமாணப் படம் எல்லாம் வேண்டாம் தம்பி, வரிக்கு ஒரு சீட்டு கொடு, எந்தக் கல்லுக்கு எந்தக் கலர் அச்சுன்னு மட்டும் எழுது"ன்னு சொல்லிட்டார்.

தூக்குக்குண்டு:
கிளை கிளையா இருக்கிறதால அது சுலபம். வரி எண்ணையும் அஞ்சு கோணத்துக்கான எழுத்தையும் சேர்த்து ஒரு பேனல்ல (எழுத்தைக் காட்டுற பெட்டி) கொண்டுவந்து காப்பி பண்ணுங்க, 28 சீட்டு. கல் எண்ணிக்கையை எந்தத் தூண்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சீட்டு மேலயே அம்புக்குறி போட்டுடுங்க.