கல் இடுக்கில் துணி மாதிரி வலை, இரட்டை வால்: இது என்ன சிலந்தி?

கான்காரன்:
வணக்கம். இலங்கையில் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கான் (மழைத்தண்ணி ஓடும் வாய்க்கால்) வெட்டும் வேலை. மழைக்கு முந்தி, கான் ஓரத்தில் சரிந்த கல்லையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். போன கிழமை ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் அழுக்கு வெள்ளைத் துணி கிழிந்து தொங்குகிற மாதிரி வலை. முற்றத்துச் சிலந்தி கட்டுகிற வட்ட வலை இல்லை. முன்னால் விரிப்பாகவும் பின்னால் இரண்டு மூன்று குழாயாகவும் பிரிந்து இடுக்குக்குள் போகிறது.

ஆள் சின்னது. உடம்பு என் சுண்டுவிரல் நகத்தளவுதான், பழுப்பு நிறம். ஆனால் பின்பக்கம் இரண்டு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது, கிட்டத்தட்ட வயிற்று நீளத்துக்கு! எட்டுக்கால் பூச்சிக்கு வால் இருந்து நான் பார்த்ததில்லை. நூலை விரலில் எடுத்தால் ஒட்டவும் இல்லை.

கூட வேலை செய்கிற மாமா போனில் ஏதோ பார்த்துவிட்டு, "இது ஆஸ்திரேலியாவில் ஆளைக் கொல்கிற சாதி, மருந்தடி" என்கிறார். நான் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மலையில் இன்னும் நாற்பது அடிக்குக் கல் அடுக்க இருக்கிறது. வெறுங்கையால்தான் எடுக்கிறோம். பயப்பட வேண்டுமா?

பனிப்புல்:
தம்பி, இது புனல் வலை கட்டுகிற ஓநாய்ச் சிலந்தி. ஹிப்பாசா என்பார்கள். காலையில் புல்லில் பனி விழுந்தால் நூற்றுக்கணக்கில் வெள்ளைத் தாளாகத் தெரியுமே, அதேதான். அதற்கும் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றும் செய்யாது.

கான்காரன்:
அண்ணே, அதை எனக்கு நல்லாத் தெரியும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகிற வழியெல்லாம் அதுதான். அது குழாய் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும், முட்டை மூட்டையைப் பின்பக்கத்தில் கட்டிக்கொண்டு திரியும். இது வாசலுக்கே வரவில்லை. இதன் வாலோ விரல் மாதிரி கணுக்கணுவாக இருந்தது.

கல்லடி வாசி:
"கணுக்கணுவாக" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருடமாகக் கல்லுக்கு அடியில் இருப்பதைத் தேடித் திரிகிற ஆள் நான்.

அது வால் இல்லை, நூல் நூற்கும் உறுப்பு. சிலந்தி எல்லாவற்றுக்கும் உண்டு, பெரும்பாலானவற்றில் குட்டையாக அடங்கியிருக்கும். திரை மாதிரி வலை கட்டும் திரைவலைச் சிலந்திகளுக்கு இப்படி நீளும். நடந்துகொண்டே இரண்டையும் இடம் வலம் ஆட்டி, சுவருக்கு வெள்ளை அடிப்பது போல நூலைப் பூசிக்கொண்டு போகும். அதனால்தான் வலை துணியாகிறது. நூலில் பசை கிடையாது. பூச்சி கால் சிக்கித் தடுமாறுகிற நேரத்தில் இது அதிர்வை உணர்ந்து ஓடிவந்து பிடித்துவிடும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இண்டோதெலே பேரினம் என்றே நினைக்கிறேன். 1995இல் அமெரிக்க ஆய்வாளர் பிரெடெரிக் கோய்ல் பிரித்துப் பெயர் வைத்தது. அதில் இருப்பதே நான்கு இனம்தான். மூன்று இந்தியாவில், ஒன்று இலங்கையில். இலங்கையில் உள்ளதன் பெயரே இண்டோதெலே லங்கா. இந்திய இனங்களில் ஒன்றை 1900இலேயே போகாக் என்பவர் விவரித்து, வேறு பேரினத்தில் போட்டு வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் எங்கே தெரியுமா? ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் கரீபியனிலும் தென் அமெரிக்காவிலும். 2020இல் இந்தக் கூட்டத்தையே தனிக் குடும்பமாக்கிவிட்டார்கள்.

உறுதி செய்ய ஒரு வேலை செய்யுங்கள். கண்ணாடிப் போத்தலில் விட்டு அடிப்பக்கத்திலிருந்து படம் எடுங்கள். சாதாரணச் சிலந்தியின் பல் இடுக்கி மாதிரி இரண்டு பக்கமிருந்து எதிரெதிராக வரும். இதற்குப் பாம்புப் பல் போல இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பின்னோக்கி மடங்கியிருக்கும். வயிற்றின் அடியில் வெளிறிய திட்டு நான்கு தெரிந்தால், அவை நுரையீரல். சாதாரணச் சிலந்திக்கு நுரையீரல் ஒரு ஜோடிதான், இதற்கு இரண்டு ஜோடி.

தேத்தண்ணி:
மாமா சொன்ன ஆஸ்திரேலியச் சாதி சிட்னி பக்கத்து அட்ராக்ஸ். அது வேறு குடும்பம், இங்கே கிடையவும் கிடையாது. அங்கேயே 1981இல் மாற்று மருந்து வந்த பிறகு யாரும் சாகவில்லை. ஆனாலும் வெறுங்கையால் கல் எடுக்காதீர்கள் அண்ணே. சிலந்திக்காக இல்லை, அதே இடுக்கில் பூரானும் விரியனும் இருக்கும். கையுறை கேட்டு வாங்குங்கள்.

கான்காரன்:
கையுறை கேட்டு மூன்று மாதம் ஆச்சு. அது தனிக் கதை.

இன்றைக்குக் காலையில் ஜாம் போத்தலில் பிடித்தேன். மூன்று தடவை தப்பியது, என்ன வேகம்! படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மடங்கியிருப்பது தெரிகிறது. திட்டும் நான்கு. மாமாவிடம் காட்டினேன். "சரி, விட்டுத் தொலை" என்றார். போன கிழமை கிழிந்த வலையை அது முழுசாகத் திரும்பக் கட்டி வைத்திருந்தது. அதே கல்லுக்கடியில் விட்டுவிட்டு, அந்த மூலையை மட்டும் கடைசியில் அடுக்குவதாக வைத்திருக்கிறேன்.

கல்லடி வாசி:
படம் போதும், பேரினம் அதுதான். இனம் லங்காதானா என்று உறுதியாகச் சொல்ல ஆண் சிலந்தி வேண்டும். ராத்திரி டோர்ச் கொண்டுபோய்ப் பாருங்கள், வலையை விட்டு அலைகிறது அதுதான்.