பொதுநோக்கு மண்டபத் திறப்பு: கிராம அபிவிருத்திச் சங்க வட்ஸ்அப் குழு

*செயலாளர்* 7:12 பி.ப.
எல்லாருக்கும் வணக்கம். திறப்பு விழா நிகழ்ச்சி நிரல் வரைபு:
வாற வெள்ளி காலை 10.30. வரவேற்பு, மாலை, சந்தனம் குங்குமம், மங்கள விளக்கு, தேவாரம், தேசிய கீதம், ஆசியுரை, பேச்சுகள், சாப்பாடு.
திருத்தம் இருந்தா இண்டைக்கே சொல்லுங்கோ. நாளைக்கு அச்சகத்துக்குக் குடுக்கோணும்.

*கடை நானா* 7:15 பி.ப.
தம்பி, வெள்ளி 10.30க்குத் தொடங்கினா பேச்சு நடக்கேக்கையே எங்கட ஆக்கள் ஜும்ஆத் தொழுகைக்கு எழும்பிடுவினம். மைக்கிலை நிக்கிற அதிகாரிக்குத்தான் முகம் கறுக்கும்.

*பங்குச்சபை அண்ணை* 7:16 பி.ப.
ஞாயிறு காலை பூசை. அதுவும் சரிவராது.

*பரிபாலனசபை ஐயா* 7:18 பி.ப.
வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குத் தீர்த்தமெடுத்தா பிறகு அங்கத்தைப் பொங்கல் முடியும் வரைக்கும் சனம் மச்சம் (மீன், இறைச்சி) தொடாது. அந்தக் கிழமை விழா வைச்சா சாப்பாட்டிலையே பாதிப் பேர் கழண்டிடுவினம். தீர்த்தத்துக்கு முந்தின சனியைப் பாருங்கோ.

*செயலாளர்* 7:19 பி.ப.
சனி 9 மணி. 11.30க்குள்ள முடிப்பம். அடுத்தது?

*ரீச்சர்* 7:26 பி.ப.
வாசல்லை நிறைகுடம், வாழை, தோரணம் இருக்கட்டும். அது இந்த மண்ணின்ரை வரவேற்பு, ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம். ஆனா பிள்ளையளை விட்டு வாற ஆக்களின்ரை நெத்தியிலை சந்தனம் பூசிறதை நிப்பாட்டுங்கோ. சின்னப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிக்கேக்கை ஒரு மௌலவியோ போதகரோ என்ன செய்வார்? தட்டத்தை மேசையிலை வையுங்கோ, விரும்பினவை தொட்டு வைப்பினம். பன்னீர்ச் செம்பும் அப்பிடித்தான்.

மாலை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மாவட்டத்திலையிருந்து ஒரு தேரர் (பௌத்த பிக்கு) வரக்கூடும் எண்டு கதை. அவருக்கு மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். வெற்றிலையை இரண்டு கையாலும் குடுத்தாக் காணும், அதையும் ஆம்பிளையள் குடுக்கட்டும். நாங்கள் கும்பிட்டா அவர் திருப்பிக் கும்பிடமாட்டார். அது அவையின்ரை ஒழுங்கு, "தலைக்கனம்" எண்டு பிறகு குழுவிலை எழுதாதேங்கோ.

*மாதர் சங்கத் தலைவி* 7:28 பி.ப.
ரீச்சர், கதிரை எப்பிடி? போன தைப்பொங்கல் விழாவிலை அதுதானே பிரச்சினையாப் போனது.

*ரீச்சர்* 7:33 பி.ப.
தேரர் இருக்கிற கதிரைக்கு வெள்ளைத்துணி விரிக்கிறது வழக்கம், மற்றவையிலும் உயரமா இருக்கோணும் எண்டும் எதிர்பார்ப்பினம். ஒருத்தருக்கு மட்டும் செய்தாத்தான் சண்டை. சமயத் தலைவர்மார் எல்லாரும் மேடையிலை ஒரே வரிசை, ஒரே கதிரை, எல்லாத்துக்கும் வெள்ளைத்துணி. அதிகாரிமார் கீழ முன் வரிசை. உயரப் பிரச்சினை அதோடை முடிஞ்சுது. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் சொல்லுது, அதாலை அரச விழாக்களிலை தேரரை முதல்லை கூப்பிடுறவை. இது சங்க விழா, வயதிலை மூத்தவரை முதல்லை பேச விடுங்கோ. ஆளுக்கு 3 நிமிசம். அதை மேடையிலை சொல்லாதேங்கோ, அழைப்பிதழ் குடுக்கப் போகேக்கை வீட்டிலையே சொல்லுங்கோ.

*கடை நானா* 7:36 பி.ப.
விளக்கு விசயம். "அடுத்து விளக்கேற்ற மௌலவி அவர்களை அழைக்கின்றோம்" எண்டு அறிவிப்பாளர் இழுத்து விடுவார். மனுசன் மறுத்தாலும் குற்றம், ஏத்தினாலும் பள்ளிவாசல்லை கேள்வி. பக்கத்திலை நிக்கிறதிலை ஆட்சேபணை இல்லை.

*பங்குச்சபை அண்ணை* 7:38 பி.ப.
கத்தோலிக்கருக்கு விளக்கேத்திறது பிரச்சினை இல்லை. மற்றக் கிறிஸ்தவ சபைக்காரர் சிலபேர் மறுப்பினம். முதல்நாளே போன் பண்ணிக் கேட்டு, ஏத்திற ஆக்களின்ரை பேரை மட்டும் அறிவிப்பாளரின்ரை தாளிலை எழுதுங்கோ. மற்றவையை "மேடைக்கு அழைக்கின்றோம்" எண்டால் போதும்.

*பரிபாலனசபை ஐயா* 7:40 பி.ப.
மெழுகுதிரியாலை குத்துவிளக்குக் கொளுத்தாதேங்கோ, கைவிளக்கு ஒண்டு நான் தாறன். சோழகக் காத்து அடிக்கிற காலம், வாசல்லை வைச்சா அஞ்சு திரியும் அணையும். அதைப் பாத்து நாலு பேர் சகுனம் சொல்லுவினம். உள்ளுக்கு, சுவர்ப் பக்கமா வையுங்கோ. திரி நுனியிலை கற்பூரத் துண்டு.

*சவுண்ட்ஸ் தம்பி* 7:44 பி.ப.
பொலிஸ் அனுமதிக்குக் கடிதம் முன்கூட்டியே வேணும். விழா எந்த நேரம் எண்டாலும் இரவு 10இலிருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி போடேலாது, 2007இலை உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை. விடிய 5க்குப் பக்திப்பாட்டுப் போடச் சொல்லி ஒருத்தரும் போன் எடுக்காதேங்கோ. 7 மணிக்கு நாதஸ்வரம் தவில் மட்டும் போடுறன். கூம்பு ஸ்பீக்கர் இரண்டையும் பள்ளிவாசல் பக்கம் திருப்பமாட்டன். இழுபட்டுப் போய் லுஹர் (மத்தியானத் தொழுகை) பாங்கு கேட்டா மைக்கை நிப்பாட்டுவன், ஆர் பேசிக்கொண்டு நிண்டாலும்.

*கடை நானா* 7:45 பி.ப.
👍

*மாதர் சங்கத் தலைவி* 7:50 பி.ப.
சாப்பாடு. மரக்கறிச் சோறு பொது, கோழிக்கறி தனி. கோழி ஹலால் கடையிலை எடுத்தா எல்லாரும் சாப்பிடலாம். மாடு சமையல் பக்கமே வரக்கூடாது. பிழைக்கிற இடம் எண்ணெய்ச் சட்டி: மீன் கட்லட் பொரிச்ச எண்ணெயிலை வடை போட்டா விரதக்காரருக்குத் தெரியாமலே குடுத்த மாதிரி. வடையை முதல்லை பொரிச்சு எடுத்து மூடி வைச்சிட்டுப் பிறகு கட்லட். அகப்பையும் வேற வேற. கேக்கிலை முட்டை இருக்கெண்டு எழுதி வைக்கிறம். தேரர் வந்தா மத்தியானம் 12க்கு முன்னம் சாப்பாடு குடுக்கோணும், அதுக்குப் பிறகு அவை சாப்பிடமாட்டினம், இஞ்சித் தேத்தண்ணிதான்.

*செயலாளர்* 7:53 பி.ப.
அழைப்பிதழ் மாதிரி அச்சகத்திலையிருந்து வந்திருக்கு. மேலை பிள்ளையார் படம், ஓரத்திலை சக்கரம் மாதிரி ஒரு வேலைப்பாடு.

*ரீச்சர்* 7:59 பி.ப.
இரண்டையும் எடுங்கோ. சாமிப்படம் போட்ட அழைப்பிதழ் அடுத்தநாள் கச்சான் சுத்திற தாள். பனர் எண்டா மாட்டுக்கொட்டில் கூரை. (பிரதம விருந்தினரின்ரை படத்துக்கும் அதே கதிதான், ஆனா அவர் கோவிக்கமாட்டார்.) சக்கரத்தோடை விளையாடாதேங்கோ. 2019 மேயிலை ஹசலக்கவிலை ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடிச்சது சட்டையிலை இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தரின்ரை தர்மசக்கரம் எண்டு நினைச்சுத்தான். பகை தூண்டுறதுக்கு எதிரான ICCPR சட்டத்தையும் (2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம்) அவ மேலை போட்டவை. அதிலை போட்டா மேல் நீதிமன்றம்தான் பிணை குடுக்கலாம். சமயப் பகை கிளப்பிற வொய்ஸ் மெசேஜ் இந்தக் குழுவிலை போவேட் பண்ணுற ஆக்களுக்கும் அந்தச் சட்டம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

*பரிபாலனசபை ஐயா* 8:04 பி.ப.
எல்லாத்தையும் எடு எடு எண்டா என்னதான் மிச்சம்? ஊரிலை முக்கால்வாசி சைவம். தேவாரமும் இல்லாமல், பிள்ளையாரும் இல்லாமல் திறக்கிறதோ? மண்டபத்தின்ரை வடகிழக்கு மூலையிலை பிள்ளையார் படம் ஒண்டாவது வைக்கோணும். இதுக்கும் பயந்து ஒதுங்கினா நாளைக்கு நாங்கள் ஆர்?

*ரீச்சர்* 8:11 பி.ப.
ஐயா, தேவாரத்தை எடுக்கச் சொல்லேல்லை. தேவாரம், செபம், துஆ ஒவ்வொண்டும் ஒரு நிமிசம், அவரவர் பாடட்டும். காலைமை ஐயரைக் கூப்பிட்டு வாசல்லை கும்பம் வைச்சுப் பூசை செய்யுங்கோ, நானும் வாறன். விழா அண்டைக்கே முடிஞ்சிடும். நிரந்தரமா வைக்கிற படம் அப்பிடி இல்லை, கட்டடம் ஆருக்குச் சொந்தம் எண்டு அது சொல்லும். முல்லைத்தீவு நீராவியடியிலை 2019 செப்ரெம்பரிலை நீதிமன்றம் வேற இடம் எண்டு கட்டளை போட்டும் ஒரு தேரரின்ரை உடலைப் பிள்ளையார் கோயில் கேணியடியிலை தகனம் செய்தவை. அதுக்கு எதிரா நாங்கள் சொன்னது, மற்றவையின்ரை இடத்திலை உங்கட சமயத்தை நடாதேங்கோ எண்டு. பொதுக் காசிலை கட்டின மண்டபத்திலை படத்தை ஆணியடிச்சுப்போட்டு அந்தக் கதையை எப்பிடித் திருப்பிக் கதைக்கிறது?

*பங்குச்சபை அண்ணை* 8:13 பி.ப.
படம் வந்தா எங்கட பக்கத்தாலையும் ஒரு சுரூபம் கேப்பினம், சொல்லிப்போட்டன்.

*பரிபாலனசபை ஐயா* 8:17 பி.ப.
நீராவியடியையும் இதையும் ஒரு தராசிலை வைக்காதேங்கோ ரீச்சர். அங்கை பலத்தாலை செய்தவை. இது ஊர்ச்சனம் கேக்கிறது.

*கடை நானா* 8:19 பி.ப.
ஐயா, படம் இருந்தாலும் நாங்கள் கூட்டத்துக்கு வருவம். நிக்காஹ் விருந்துக்கு மண்டபம் எடுக்கமாட்டம், அவ்வளவுதான். வாடகை சங்கத்துக்குத்தான் நட்டம்.

*செயலாளர்* 8:22 பி.ப.
படத்தைப் பற்றிப் புதன் 4 மணிக் கூட்டத்திலை கதைப்பம். தேசிய கீதம் தமிழிலைதானே?

*ரீச்சர்* 8:24 பி.ப.
ஓம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலையே தமிழ் வரிகள் கிடக்கு, 2016 சுதந்திர தினத்திலை கொழும்பிலையும் பாடினவை. ஆரும் கேட்டா அதைச் சொல்லுங்கோ. கொடியிலை பச்சையும் செம்மஞ்சளும் கம்பப் பக்கம் வரோணும், மாறிக் கட்டினா அதுவே தலைப்புச் செய்தி.

*சவுண்ட்ஸ் தம்பி* 8:25 பி.ப.
கீதம் பென்ரைவிலை கிடக்கு. இரண்டு மொழியும் ஒரே போல்டரிலை இருந்தது, இப்ப தமிழை மட்டும் வேற போல்டரிலை போட்டிட்டன்.

*பரிபாலனசபை ஐயா* 8:31 பி.ப.
புதன் வாறன். படம் விசயத்திலை நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. கைவிளக்கை நாளைக்கு ஆரும் வந்து எடுங்கோ.