புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவில் படிக்க பிஆரா, ஸ்டூடன்ட் விசாவா?

பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வரும்வரை காத்திருப்பதா, ஸ்டூடன்ட் விசாவிலேயே இளங்கலையைத் தொடர்வதா என்று தங்கச்சிக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிஆர் வந்துவிட்டது, அதுவும் செமஸ்டரின் சென்சஸ் தேதிக்கு (அந்த செமஸ்டரின் பதிவும் கட்டணமும் உறுதியாகும் கடைசி நாள்) முன்பே.

இந்தத் தேதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதற்குள் பிஆர் கையில் இருந்தால்தான் அந்த செமஸ்டருக்கு உள்நாட்டு மாணவர். பிந்தினால், அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து ஹெக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஹெக்ஸ்-ஹெல்ப், அதாவது படிப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் கடன். "பிஆர் வந்தால் ஹெக்ஸ் கடன் உண்டு, கையிலிருந்து காசு போடவேண்டாம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. அரசு மானிய இடம், அதாவது கட்டணத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கும் இடம், பிஆர்காரர்களுக்குக் கிடைக்கும் (பல்கலைக்கழகம் ஒதுக்கவேண்டும், அது தனிக் கதை). ஆனால் ஹெக்ஸ்-ஹெல்ப் கடன் பொதுவாகக் குடிமக்களுக்கும், மனிதாபிமான நிரந்தர விசாக்காரர்கள் போன்ற சிலருக்கும்தான். மற்றவர்கள் கட்டணத்தில் தங்கள் பங்கை முன்கூட்டியே கட்டவேண்டும். அந்தப் பங்கும் பாடத்துக்குப் பாடம் மாறும்: 2021 மாற்றத்துக்குப் பிறகு நர்சிங், ஆசிரியர் பயிற்சி மலிவு, சட்டம், வணிகம், கலைப் பாடங்களில் பலவும் உச்சத்தில். கலை படிப்பவர்களை ஏன் இப்படித் தண்டிக்கிறார்களோ!

மற்றபடி, ஸ்டூடன்ட் விசாவில் இருந்த, இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பு போயிற்று. மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு. பகுதிநேரமாகவும் படிக்கலாம்.

கடன்தான் வேண்டுமென்றால் குடியுரிமை வரை பொறுக்கவேண்டும். பொதுவாக 4 ஆண்டு சட்டப்படி வசித்திருக்கவேண்டும், கடைசி 12 மாதம் பிஆராக. ஸ்டூடன்ட் விசாவில் இருந்த காலமும் கணக்கில் சேரும் என்பதால் தங்கச்சி கடைசி வருடத்துக்காவது கடன் வாங்கப் பார்க்கிறாள்.