புன்ஸ்க் ஊர்ப் பலகைகள்: உரிமையா, பண்டமாற்றா?

இளவெயினி:
போலந்தின் வடகிழக்கு மூலையில், லித்துவேனிய எல்லையை ஒட்டிய செய்னி மாவட்டத்தில் புன்ஸ்க் என்ற ஊரக க்மினா இருக்கிறது. க்மினா என்பது சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்து நிர்வகிக்கும் அடிநிலை உள்ளாட்சி. இங்கு மொத்தமே ஏறத்தாழ நாலாயிரம் பேர். 2002 கணக்கெடுப்பில் அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தங்களை லித்துவேனியர் என்று பதிந்தார்கள். 2008-இல் இதன் 30 ஊர்களுக்கு லித்துவேனியப் பெயரும் பலகையில் ஏறியது. லித்துவேனியா தன் நாட்டுப் போலந்தியர்களுக்கு இதே உரிமையைத் தரும்வரை இந்தப் பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்று மருதன் நேற்று எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருதன்:
நான் வெறுப்பினால் அப்படி எழுதவில்லை. 1994-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட நட்புறவு ஒப்பந்தம் இரு பக்கத்துச் சிறுபான்மையினருக்கும் பொதுவானது. லித்துவேனியத் தலைநகர் வில்னியஸுக்குத் தெற்கே ஷல்சினின்காய் வட்டாரத்தில் போலந்தியர்கள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருந்தும், போலிஷ் மொழியில் வைத்த தெருப்பெயர்களை அகற்றுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கிருந்த சிறுபான்மையினர் சட்டமும் 2010-இல் காலாவதியாகி, 2024 வரை புதிய சட்டம் வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால், மறுபக்கம் எதற்காக அசைய வேண்டும்?

இளவெயினி:
வில்னியஸ் நாடாளுமன்றம் செய்ததற்கு புன்ஸ்க் விவசாயி ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் பதிவில் பதில் இல்லை, மருதன். அவர் போலந்துக் குடிமகன். வரியைப் போலந்துக்குத்தான் கட்டுகிறார். சிறுபான்மையினர் 20 விழுக்காடு இருக்கும் க்மினா, அலுவலகத்தில் அவர்கள் மொழியைத் துணைமொழியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும், ஊர்ப் பலகைகளுக்கும் இடம் தரும் 2005-ஆம் ஆண்டுப் போலந்துச் சட்டம், அண்டை நாட்டின் நடத்தையை எங்கும் நிபந்தனையாக வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருகிலுள்ள சுவாவ்கி நகரிலிருந்து அந்த வழியாகப் போனபோது, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் மேலே ‘விதுகியெரி’, கீழே ‘விதுகிரியாய்’ என்று இருந்ததைப் பார்த்தேன். லித்துவேனிய மொழியில் ‘விதுஸ்’ என்றால் உள், ‘கிரியா’ என்றால் பெருங்காடு. நடுக்காட்டு ஊர் என்று பொருள். மேலே உள்ள போலிஷ் பெயருக்கு அந்த மொழியில் தனிப் பொருளே கிடையாது, கீழே உள்ள பெயரின் ஒலியைத்தான் அது தாங்கி நிற்கிறது. கீழ் வரியை எடுத்துவிட்டால் மேல் வரி எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2011 ஆகஸ்டில் இரவோடிரவாக இந்த வரிகள்மீது வெள்ளையும் சிவப்புமாகச் சாயம் பூசியவர்களும் அதைத்தான் அழிக்கப் பார்த்தார்கள்.

செங்குட்டுவன்:
இருவரும் பலகையிலேயே நிற்கிறீர்கள். மாணவர் குறைந்து சிற்றூர்ப் பள்ளிகள் மூடப்படும்போது, பெயர் எந்த மொழியில் இருந்தால் என்ன? புன்ஸ்கில் லித்துவேனிய வழியில் கற்பிக்கும் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதற்குப் பிள்ளைகளை அனுப்ப ஊரில் குடும்பங்கள் இருக்க வேண்டுமே. பலகைக்குச் செலவிடும் பணத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதே மேல்.

இளவெயினி:
பள்ளி குறித்த உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பலகை மாற்றும் செலவை அந்த 2005 சட்டப்படி அரசின் வரவுசெலவுத் திட்டமே ஏற்கிறது. பலகையைக் கைவிட்டால் அந்தப் பணம் பள்ளிக்கு வந்து சேராது.

மருதனுக்கு: 2022-இல் லித்துவேனியா, போலிஷில் உள்ள, லித்துவேனிய எழுத்து வரிசையில் இல்லாத ‘டபிள்யூ’ எழுத்துடன் ஆவணங்களில் குடிமக்களின் பெயரை எழுத அனுமதித்தது. புன்ஸ்கில் ஒரு பலகையையும் கழற்றாமலேதான் அது நடந்தது.

மருதன்:
அது உண்மை. பலகைகளை எடுக்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாயம் பூசியவர்களின் வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோடும் புள்ளியும் சேர்ந்த போலிஷ் எழுத்துகளுக்கு அந்த 2022 சட்டம் இடம் தரவில்லை, ஷல்சினின்காயின் தெருப்பெயர்களும் திரும்பவில்லை. புன்ஸ்கில் தான் செய்ததைக் காட்டி வார்சாவிலுள்ள போலந்து அரசு இதை வில்னியஸிடம் அழுத்திக் கேட்க வேண்டும் என்பதிலிருந்து நான் பின்வாங்கமாட்டேன்.

இளவெயினி:
அப்படிக் கேட்பதானால், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.