புதுப்பிப்பு: கல்லடி வீட்டு வெந்நீர்க் கருவியை எங்கே பொருத்தினோம்

அம்மாவின் முழங்கால் நோவுக்காக வாங்கிய எரிவாயு வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்குள்ளேயே மாட்டலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்று எச்சரித்தவர்கள் சொன்னதே சரி. பொருத்த வந்தவர் "ஜன்னல் இருக்குத்தானே" என்றார். ஆனால், மூடிய சிறிய அறையில் எரியும் சுவாலை ஒட்சிசனைக் குறைக்க, எரிதல் அரைகுறையாகிக் காபனோரொட்சைட்டு (கார்பன் மொனாக்சைடு) என்ற நச்சுவாயு உருவாகும் என்பதும், சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தச் சேர்க்கப்படும் நாற்றம் இந்த நஞ்சுக்குக் கிடையாது என்பதும் தெரிந்த பிறகு நான் இணங்கவில்லை.

இப்போது கருவி பின்தாழ்வாரத்தின் தெற்குச் சுவரில் இருக்கிறது. சுடுநீர்க் குழாய் மட்டும் உள்ளே செல்கிறது. புகைபோக்கியின் வாயை எந்த ஜன்னலுக்கும் அருகில் வராதபடி, கூரை விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டி, காற்றுத் தடுப்பு மூடியும் போட்டோம். 12.5 கிலோ சிலிண்டர் வெளியே, நிமிர்ந்த நிலையில், வடிகானிலிருந்து விலகி நிற்கிறது. ஏனெனில் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும்.

கசிவு இருக்கிறதா என்று இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசிப் பார்த்தபோது ரெகுலேட்டரருகே குமிழி வந்தது. மேசன் மாமா கசிவை உறுதிசெய்ய நெருப்புக்குச்சியை எடுத்தார், நல்லவேளை தடுத்துவிட்டேன்! உடனே வால்வை மூடி, குழாயையும் கிளிப்பையும் மாற்றி, மீண்டும் பூசிப் பார்த்தோம், குமிழி இல்லை.

சுவாலை நீலமாகவே எரிகிறது. அது மஞ்சளானால் எரிதல் அரைகுறையாகிறது என்று பொருள், உடனே கருவியை நிறுத்திவிட்டுத் திருத்துநரை அழைக்குமாறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இனிக் கவலையெல்லாம் கடற்காற்றின் உப்பால் புகைபோக்கி துருப்பிடிப்பதுதான்.