கினி பிக் வாயில் அடிபட்டு எதையும் மெல்லாமல் இருக்கிறது, என்ன செய்வது?

பனந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கினி பிக், இரண்டும் பெண். பெரியவள் பஞ்சு, 900 கிராம் இருப்பாள். நேற்று சாயங்காலம் கூண்டுக் கம்பியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் பல் மாட்டிக்கொண்டு திமிறியதில் மேல் வெட்டுப்பல் ஒன்று பாதியோடு உடைந்துவிட்டது, கீழ் உதடும் கிழிந்திருக்கிறது. ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் புல்லை வாயில் எடுக்கிறாள், லேசாக மெல்லுகிறாள், உடனே கீழே போட்டுவிடுகிறாள். தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சில் பட்டு ஒட்டிக் கிடக்கிறது. கொய்யாத் துண்டு என்றால் கையிலிருந்தே பிடுங்குகிறவள் இன்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

இங்கே கால்நடை மருத்துவமனைக்கு வருவதெல்லாம் மாடும் ஆடும்தான். டாக்டர் நல்ல மனிதர், கினி பிக்கெல்லாம் நான் பார்த்து பழக்கமில்லை, திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் (ஆன்டிபயாட்டிக்) சிரப் இருக்கிறது, நாளை போகும் வரைக்கும் அதில் ரெண்டு சொட்டு கொடுக்கலாமா? காயத்தில் மஞ்சள் வைக்கலாமா?

மீனாட்சிபுரம் அக்கா:
தம்பி, அந்த சிரப்பை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்க. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் வகை எதையும் இதுகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. புல்லைச் செரிக்க வைப்பதே குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாதான், இந்த மருந்து அதையெல்லாம் கொன்றுவிடும், அப்புறம் கெட்ட கிருமி பெருகி விஷமாகி, வாய்க் காயத்தில் சாகாத பிராணி பேதியில் செத்துப்போகும். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே என்று நினைக்காதீங்க.

இப்போதைக்கு உதட்டைவிடப் பெரிய கவலை வயிறுதான். இதுகளுக்குக் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கணும், அரை நாள் எதுவும் உள்ளே போகவில்லை என்றாலே மந்தமாகி காற்று அடைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால் நாளை வரைக்கும் காத்திருக்காமல் இன்று ராத்திரியே ஊட்டணும். பெல்லட் (கடையில் விற்கிற குச்சித் தீனி) இருக்கிறதல்லவா, அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நன்றாக மசித்து, தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்க. ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சு மெடிக்கலில் கிடைக்கும். பஞ்சுவைத் துண்டில் சுற்றி மடியில் நேராக உட்கார வைத்து, மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கும் பாருங்க, அடிபடாத பக்கமாக அதில் சிரிஞ்சு நுனியை வைத்து அரை அரை மி.லி.யாக விடுங்க. மென்று விழுங்கின பிறகு அடுத்தது. அவசரப்பட்டு அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், இதுகளுக்கு வாந்தியெடுக்கவும் வராது. 900 கிராமுக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 60 மி.லி. வரை போகணும், ரெண்டு மூணு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க, ராத்திரியும் எழுந்துதான் ஆகணும்.

மஞ்சள், டெட்டால், தேங்காய் எண்ணெய் ஒன்றும் வேண்டாம். நார்மல் சலைன் (மெடிக்கலில் கிடைக்கிற உப்புநீர்) வாங்கிச் சுத்தமான துணியில் நனைத்து உதட்டைத் துடைத்தால் போதும், தாடை முடியையும் துடைத்துக் காயவைங்க, ஈரமாகவே இருந்தால் தோல் புண்ணாகும்.

வாளையாறுக்காரன்:
அக்கா சொன்னது எல்லாமே சரி. உடைந்த பல்லைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கினி பிக்குக்கு மொத்தம் 20 பல், எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வேர் கெடாமல் இருந்தால் உடைந்தது சில வாரத்தில் திரும்ப வந்துவிடும். ஆனால் அதுவரைக்கும் எதிரில் இருக்கிற கீழ்ப்பல் தேய்வதற்கு ஆளில்லாமல் நீண்டுவிடும், அதை அளவாகத் தேய்க்கணுமா என்று டாக்டர்தான் பார்க்கணும். தயவுசெய்து நகவெட்டியால் வெட்டாதீங்க, பல் நெடுக்கில் பிளந்துபோகும். கடைவாய்ப் பல்லையும் தாடையையும் கருவி போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, கம்பியில் மாட்டி இழுத்திருக்கிறதால் தாடை எலும்பில் விரிசல் இருக்கலாம். வலிக்கு மெலாக்ஸிகாம் எடைக்குத் தகுந்த அளவில் எழுதுவார்கள், வலி அடங்கினால்தான் மெல்லும். நம்ம வீட்டு வலி மாத்திரையை உடைத்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

மண்ணுத்திக்குக் காலையிலேயே கிளம்பிடுங்க, குதிரான் சுரங்கம் திறந்த பிறகு பாலக்காட்டிலிருந்து போவது எளிதாகிவிட்டது. வெயிலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வைத்துவிட்டுப் போகாதீங்க, பாலக்காட்டுச் சூட்டை இதுகள் தாங்காது. கூடவே இன்னொரு கினி பிக்கையும் கொண்டுபோனால் பயப்படாமல் இருக்கும்.

பொள்ளாச்சி மாமா:
எங்க வீட்டில் தவிட்டுக் கஞ்சியும் கடலை மாவும் கலந்து கொடுப்போமுங்க, கன்றுக்குட்டி எழுந்து நிற்கும். அதையே கொடுத்துப் பாருங்களேன்?

மீனாட்சிபுரம் அக்கா:
மாமா, கன்றுக்கு சரிங்க, இதுக்கு ஆகாது. மாவுச்சத்து அதிகம், நார் கம்மி, வயிறு புளித்துக் காற்றுதான் நிறையும். அருகம்புல்லைக் கழுவிக் கத்தரியால் ரொம்பப் பொடியாக நறுக்கி அந்த பெல்லட் கூழில் சேர்த்தால் நல்லது. இன்னொன்று, இதுகள் உடம்பில் நம்மைப் போலவே வைட்டமின் சி உண்டாகாது, அது குறைந்தால் காயம் ஆறவே ஆறாது. சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மி.கி. வேணும், உடம்பு சரியில்லாதபோது 50 வரை போகலாம். கொய்யாவை விதை நீக்கி மசித்துக் கூழில் ஒரு ஸ்பூன் கலங்க. நெல்லிக்காயில் சத்து அதிகம்தான், ஆனால் வாயில் புண் இருக்கும்போது புளிப்பு எரியும், இப்போது வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் கரைத்து வைப்பதும் வீண், கொஞ்ச நேரத்தில் சத்து போய்விடும்.

பனந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
எல்லோருக்கும் மனசார நன்றி. ராத்திரி முழுக்க ஊட்டினோம், முதலில் தலையை ஆட்டித் துப்பினாள், விடிகாலையில் சிரிஞ்சைத் தானே நக்க ஆரம்பித்தாள். மண்ணுத்தியில் பார்த்துவிட்டு வந்தோம். தாடையில் ஒன்றுமில்லை, பல்லின் வேரும் நன்றாக இருக்கிறதாம், உதட்டில் தையல் தேவையில்லை. வலிக்கு மெலாக்ஸிகாமும், கிருமிக்கு இதுகளுக்கு ஆகிற என்ரோஃப்ளாக்ஸாசினும் கொடுத்திருக்கிறார்கள். கீழ்ப்பல்லைப் பார்க்க அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். புழுக்கை சின்னதாக, காய்ந்து கிடக்கிறது, அது பரவாயில்லையா?

வாளையாறுக்காரன்:
புழுக்கை வருகிறது என்பதே நல்ல செய்தி. சிறுத்து நுனி கூராக இருந்தால் தண்ணீரும் நாரும் குறைவு என்று அர்த்தம், கூழை இன்னும் கொஞ்சம் தளர்த்தியாகக் கொடுங்க. அரை நாள் சுத்தமாக வராவிட்டாலோ, வயிறு உப்பிக் கல் மாதிரி ஆனாலோ அடுத்த வாரம் என்று பார்க்காமல் உடனே ஓடுங்க. சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்க, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் எடைதான் காட்டிக்கொடுக்கும். அவளாகப் புல் தின்று எடை நிற்கிற வரைக்கும் சிரிஞ்சை நிறுத்தாதீங்க. கூண்டுக் கம்பியில் பல் படுகிற உயரம் வரைக்கும் உள்பக்கமாக அக்ரிலிக் தகடு அடித்துவிடுங்க, கொறிக்கக் குச்சி போடுவதெல்லாம் பல் வளர்ந்த பிறகுதான்.