எடை ஏறவில்லை, வயிறு மட்டும் ஏறியது: உங்கள் அனுபவம் என்ன?

எச்ஐவிக்கான கூட்டு மருந்து, அதாவது ஏஆர்டி, தொடங்கி 18 வருடம். முதல் சில வருடம் ஸ்டாவுடின் என்ற பழைய எச்ஐவி மருந்து. கன்னம் ஒட்டி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் வந்தது. எடை மெஷின் எதையும் காட்டவில்லை, பெல்ட்தான் காட்டிக்கொடுத்தது. சாதாரணத் தொப்பையைக் கிள்ளினால் சதை கையில் வரும். என்னுடையது மத்தளம் மாதிரி விறைப்பு. கொழுப்பு தோலுக்கு அடியில் இல்லை, குடலைச் சுற்றி உள்ளே இருந்தது.

கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எஸ்ஜிபிடி நார்மல் என்பதால் கல்லீரலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஸ்கேனில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்ததும் டாக்டர் முதலில் கேட்டது, “குடிப்பீர்களா?” நான் தொட்டதே இல்லை. அவர் நம்பினாரா தெரியாது.

அப்புறம் டெசமோரெலின். நம் உடம்பையே வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் ஊசி. எச்ஐவி உள்ளவர்களுக்கு வரும் இந்த வயிற்றுக் கொழுப்புக்கென்றே 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. தினமும் நாமே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். எனக்குக் கிள்ளிப் பிடிக்கத் தோலே சிக்காது, அதுதான் பெரிய பாடு. விரல் மூட்டுகளில் வலி வந்தது, சர்க்கரையையும் அடிக்கடி பார்க்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போனது. நிறுத்தினேன், சில மாதத்தில் ஒரு துளை திரும்பி வந்துவிட்டது.

*

மேலே சொன்ன ஊசி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2019-ல் வந்த ஆய்வை டாக்டர் காட்டினார்: ஒரு வருடம் அதே ஊசி போட்டவர்களில் 35% பேருக்குக் கல்லீரல் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 4% பேருக்குத்தான். மொத்தமே 61 பேர், சின்ன ஆய்வு. நான் நடந்தேன், எடையில் எட்டு சதவீதம் குறைத்தேன். கல்லீரலை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் கொழுப்பு அளவு 310-லிருந்து 262. நடை சலிப்புதான், சரி.

*

எச்ஐவியோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவர்கள் கவனியுங்கள். எடை கூடுகிறதென்று எச்ஐவி மாத்திரையை மாற்றக் கேட்டேன். டெனோஃபோவிர் இல்லாத சீட்டு எழுதினார்கள். அந்த மருந்துதான் என் ஹெபடைடிஸையும் அடக்கி வைத்திருந்தது, யாரும் பழைய ஃபைலைத் திருப்பவில்லை. இரண்டு மாதத்தில் கண் மஞ்சளானது. இப்போது எந்தச் சீட்டு வாங்கினாலும், “இதில் டெனோஃபோவிர் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.